போட்டிடுவம்

2025 மே 14
கந்தோரில் மின்சாரம் இல்லை. வியர்வையோடு கோப்புகளுக்கு நடுவில் இருந்தபோது நீதிமன்ற அழைப்பாணை வந்தது. பத்து வருடமாக என் வழக்குகளில் மற்றவர்களுக்குப் போனது, இன்று எனக்கு. கருவாடு போடும் செலீனா வழக்குப் போட்டிருக்கிறார். கடற்கரைக்குப் போகும் ஒழுங்கையை வேலியடைத்து மறித்த அமிர்தநாயகம் முதலாம் எதிராளி. அவருடைய சட்டத்தரணி இரண்டாம் எதிராளி. அதாவது நான். இருவரும் சேர்ந்து சதி செய்தோமாம். சதியா? நானா?

மே 15
அமிர்தநாயகம் போனை எடுக்கவில்லை. அவர் குடும்பத்தின் ‘எங்கட வீடு’ வட்சப் குழுவிலிருந்தும் என்னை நீக்கிவிட்டார்கள்.

மே 18, ஞாயிறு
இரண்டு வருடமாக ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர் மனைவி நிறஞ்சலா, “தனியச் சமைச்சு என்ன செய்யப்போறீங்கள், வாங்கோ” என்பார். அந்தக் குழுவில் என்னைச் சேர்த்த அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!
இன்று பாணும் சம்பலும்.

மே 26
மூத்த சட்டத்தரணி சிங்கராசாவிடம் வழக்குத்தாள்களோடு போனேன். செலீனா சண்டைக்குப் போனபோது அமிர்தநாயகம், “லோயர் சொல்லித்தான் செய்தனாங்கள், பாருங்கோ” என்று போனை நீட்டியிருக்கிறார். செலீனா அதைப் படம் எடுத்துவிட்டார். குழுவில் நான் எழுதியது: “பாஸ்காப் பெருநாளுக்கு முதல் வேலியைப் போட்டிடுவம். பழைய காணி உறுதியை ஒருத்தருக்கும் காட்டாம வச்சிருப்பம்.”
ஒழுங்கையில் செலீனாவுக்கும் உரிமை உண்டு என்று அந்த உறுதியில்தான் இருக்கிறது.
சிங்கராசா சொன்னார்: “லோயர் ஆலோசனை சொன்னாச் சதியில்லை, தங்கச்சி. தெரிஞ்சுகொண்டு ஒருத்தருக்குக் கேடு செய்யிறதில தானும் சேர்ந்தாத்தான் சதி. ‘போடுங்கோ’ எண்டு எழுதியிருக்கக் கூடாதோ? ‘போட்டிடுவம்’ எண்டா நீரும் சேர்ந்தமாதிரி. சரி, அது பேச்சுவழக்கு, உறுதியை நீர் வாசிக்கேல்லை எண்டு சொல்லுவம்.”
அவரும் ‘சொல்லுவம்’ என்றார்.

ஜூன் 2
அந்த உறுதியை அப்போதே வாசித்திருந்தேன். இரண்டு தரம். தெரிந்துதான் எழுதினேன் — ஏன்? எந்நேரமும் ‘எனது கட்சிக்காரர்’ என்று எழுதின கைக்கு ஒருநாளாவது ‘நாங்கள்’ என்று எழுத வேணும்போல இருந்தது. அவ்வளவுதான். வெட்கமாக் கிடக்கு. ஒழுங்கை மறிபட்டதால செலீனா இப்ப கூடையோட கோயிலடியால சுத்திக் கடற்கரைக்கு நடக்கிறாவாம்.

செப்டெம்பர் 23
சாட்சிக்கூண்டில் சொன்னேன்: “உறுதியை வாசிச்சனான். மறைக்கச் சொன்னனான்.” சிங்கராசா தலை குனிந்துகொண்டார். வெளியே நிறஞ்சலா என்னைக் கண்டதும் மற்றப் பக்கத்தால் போனார்.

நவம்பர் 16, ஞாயிறு
நீதிமன்றக் கட்டளைப்படி வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். நான் சட்டத்தரணியாகத் தொடரலாமா என்ற விசாரணை தை மாதம், கொழும்பில்.
பின்னேரம் ஒழுங்கைப் பக்கம் போனேன். கடற்கரையிலிருந்து செலீனா வந்தார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
“விலத்துங்கோ, கூடை பாரம்,” என்றார்.
விலத்தி வழிவிட்டேன். மே மாதத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் என்னோடு ஒருவர் பேசியது இன்றுதான்.