உள்ளங்கைச் சூடு

கொழும்பு

தர்சிகாவின் தந்தையார் அவர்களுக்குப் பணிவான வணக்கம். நான் நலம். கொட்டகலைக் குளிரில் தங்கள் உடல்நிலை எவ்வாறுள்ளதோ என்பதே என் ஓயாத கவலை. தோட்டத்து லய வீடுகளின் இடைச்சுவர் மெல்லியது. தொலைபேசியில் பேசினால் அயலார் கேட்பர். ஆகவே எழுதுகிறேன்.

"அம்மா, அப்பா புண்ணுல தேங்காண்ணெ பூசுறாரு, பை வழுக்கிருது. கோயிலுக்குக்கூட வர மாட்டேங்குறாரு" என்று கடைத்தெருவிலிருந்து அழைத்துக் கூறினாள் மகள். குடல் அறுவைக்குப் பின் கழிவு சேரத் தாங்கள் வயிற்றில் ஒட்டிக்கொள்ளும் அந்தப் பையை நானும் அறிய விரும்பினேன். மருந்துக்கடையில் ஒன்று வாங்கி, நீர் நிரப்பி, என் வயிற்றில் ஒட்டிக்கொண்டு, நான் வேலை பார்க்கும் இந்த வீட்டைக் கூட்டினேன். எண்ணெய் பூசிய தோலில் அது நிற்கவே இல்லை. துடைத்துவிட்டு ஒட்டினேன், பாவாடை நாடா அழுத்தியதும் ஒழுகிற்று. "என்ன புவனா, பைப்பு ஒடஞ்சிருச்சா?" என்று வீட்டம்மா சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஆகையால் எண்ணெய் வேண்டாம். வெறும் நீரால் கழுவி, ஈரம் போக ஒற்றியெடுங்கள். பையின் துளையைக் குடல்வாயின் அளவுக்கே வெட்டுங்கள். பெரிதானால் கழிவு பட்டுத் தோல் புண்ணாகும். பாதி நிறையுமுன் காலி செய்யுங்கள். இடுப்பில் கட்டும் சாரத்தை அதன்மேல் இறுக்காதீர்கள். புண் ஆறாவிட்டால் கிளினிக்கில் காட்டுங்கள். குளிரில் பசை இளகாது. ஒட்டியதும் உள்ளங்கையைச் சற்று நேரம் அதன்மேல் வைத்திருங்கள். அதற்கு என் கை அங்கே இல்லை.

தங்கள் பழைய சாரம் ஒன்றை அனுப்பிவையுங்கள், துடைக்கத் துணி தேவைப்படுகிறது. துவைக்க வேண்டியதில்லை.

சென்ற விடுமுறையில், நாற்றம் என்று கூறி அடுப்பங்கரையில் தனியே படுத்தீர்கள். நானும் தங்களை உள்ளே அழைக்கவில்லை. தீபாவளிக்கு வருகிறேன். பாயை என் பக்கத்திலேயே விரியுங்கள். ஒழுகினால் ஒழுகட்டும்; நான் துவைப்பேன்.

வீட்டம்மா அழைக்கிறார்.

தங்கள்
புவனேஸ்வரி