கிட்டங்கியும் குளமும்

12-5-1987, செவ்வாய்

இன்று இறால் குளத்தில் அறுவடை. நான் சொன்ன கணக்குக்கு இருமடங்கு குஞ்சுகளை விட்டிருந்ததை மைத்துனன் இன்றுதான் ஒப்புக்கொண்டான். பாதி முன்பே மூச்சுமுட்டிச் செத்துவிட்டன. எஞ்சியவை விரல் நீளம்கூட வளரவில்லை. வாங்க வந்தவர் சொன்ன கடைசித் தரத்து விலை தீனிச் செலவுக்கே போதாது.

“கிட்டங்கியில இடம் கிடந்தா மூட்டை அடுக்க மாட்டோமா, அத்தான்?” என்றான், ஆரியசாலையில் கிடங்கு வைத்து அரிசி வியாபாரம் செய்பவன்.

“மூட்டை மூச்சு விடாது” என்றேன்.

“படிச்சவங்க பயந்துக்கிட்டே இருப்பீங்க. அடுத்த தடவை இன்னும் கூட்டி விடுவோம்லா.”

குளம் என் மனைவிக்குப் பிறந்தவீட்டில் கொடுத்த சொத்து. அடுத்த கடனுக்கு அதை ஈடு வைக்கும் பத்திரத்தில் சாயங்காலமே கையெழுத்திட்டுவிட்டாள். தம்பியின் மனம் நோகக்கூடாதாம். சாட்சிக் கையெழுத்துக்காக அதை என் மேசையில் வைத்திருக்கிறாள். நான் போடப்போவதில்லை. வேறு சாட்சி கிடைக்காமலா போகும்.