இரும்பு மிஷினும் பச்சை ஒயரும்

ஜூலை 3, வியாழன்

புழுக்கம். திருவொற்றியூர் வாழ் பெருமக்களுக்கு ஒரு துயரச் செய்தி: எங்கள் வீட்டு காப்பி ஃபில்டர் இன்று காலை பணி ஓய்வு பெற்றது.

காரணம் அண்ணன். கப்பலில் சமையல் உதவி ஆள். லீவுக்கு வரும்போது குட்டி எஸ்பிரசோ மிஷின் கொண்டுவந்தான். அதற்குக் கொட்டை அரைக்க, பீச் ஸ்டேஷன் எதிர்க் கடையிலிருந்து இரண்டு கரண்ட் கிரைண்டர். ஒன்று பிளாஸ்டிக், உள்ளே பிளேடு. மற்றது இரும்பு உடம்பு, பல் சக்கரம். அரைத்துப் பார்த்துவிட்டு ஒன்றைச் சனிக்கிழமை திருப்பித் தரவேண்டும். பரீட்சையில் காப்பி அடித்த அனுபவம் உள்ளதால் நடுவர் நான்.

இரும்பின் பிளக் வெளிநாட்டுது, நம் ஓட்டையில் நுழையவில்லை. வெட்டினேன். இரண்டு ஒயரைச் செருகித் தீக்குச்சியால் இறுக்கினேன், தெருவில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். பச்சை ஒயர் ஒன்று மிச்சம். மடித்து விட்டுவிட்டேன்.

ஓடியது. மூடியை அழுத்தினேன்.

உள்ளேயிருந்து யாரோ முழங்கைவரை பிடித்து இழுத்த மாதிரி. பல் கிட்டியது. கை எப்படி விடுபட்டதோ. ஸ்கேலால் சுவிட்சை அணைத்தேன்.

கூட இருந்த என் நண்பன் டில்லி: "இன்னா மாமு, ஷாக்கா?"

"விலையக் கேட்டாதான் ஷாக்கு. மிஷின் சூப்பரு."

"உதார் வுடாத. அப்போ ஸ்கேலு எதுக்கு?"

ஜூலை 4, வெள்ளி

ராத்திரி மழை. சுவரெல்லாம் ஓதம். தூக்கமில்லை. மூலையில் அது உட்கார்ந்திருக்கிறது. ஒயரைப் பிடுங்கிவிடலாம், கிட்டே போகத்தான் கால் வரவில்லை. அண்ணனிடம் சொன்னால் பிளக் வெட்டிய கதையும் வரும்.

சாயந்தரம் அண்ணனுக்கு இரண்டு கப். முதலாவது பிளாஸ்டிக், இரண்டாவது இரும்பு என்றேன். கூடவே சொற்பொழிவு: பிளேடில் பாதி மாவு, பாதி ரவை, தண்ணீர் சந்து பார்த்து ஓடிவிடும். பல் சக்கரத்தில் எல்லாம் ஒரே பதம்.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு: "ரெண்டாவது அப்டியே கப்பலு காப்பிடா. மொதோது கஷாயம்."

மதிப்பெண்: பிளாஸ்டிக் 4, இரும்பு 9. எப்படி அரைத்தேன் என்று இங்கே எழுதப்போவதில்லை.

ஜூலை 5, சனி

மேகமூட்டம். அண்ணன் பிளாஸ்டிக்கைத் திருப்பித் தரப் போனான். நான் வாசலில் டில்லியிடம் நாக்கின் நுட்பம் பற்றி அளந்துகொண்டிருந்தேன்.

உள்ளே அம்மா, சங்கரா மீன் கழுவிய கையோடு: "பெரியவன் வர்றதுக்குள்ள கொஞ்சம் தூள் அரைச்சு வெக்கிறேன்."

"அம்மா, தொடாத!" என்று கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. சுவிட்ச் சத்தம். அம்மாவிடமிருந்து ஐயோகூட இல்லை. கை எகிறியது, அம்மா மீன் சட்டி மேல் சாய்ந்தாள். உள்ளே ஓடி, ரப்பர் செருப்பைக் கழற்றிச் சுவிட்சை அடித்தேன். இரண்டு தடவை தவறியது.

அம்மா கையை உதறியபடி: "ஒண்ணுமில்லடா. நீ ஏன் அழுவுற? தண்ணி குடு."

தம்ளரைக் கொடுத்தேன். பாதி அவள் புடவையில்.

அண்ணன் வந்ததும் எல்லாம் சொன்னேன். இரும்பைப் பிடுங்கி, நான் மடித்து விட்ட பச்சை எர்த் ஒயரை விரலில் சுற்றினான். அறைவான் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஷாக் அடிச்சப்புறமும் இதுலதான் அரைச்சியா?"

"கிட்டவே போகலண்ணா."

"அப்போ நான் குடிச்ச ரெண்டாவது கப்பு?"

"அதுவும் பிளாஸ்டிக்ல அரைச்சதுதான்."