வயிற்றுக்குள்ளேயும் தோல்தான்

என் தங்கமான முனுசாமி அண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அழுகை நின்றுவிட்டது, ஆத்திரம்தான் நிற்கவில்லை. யாரிடம் சொன்னாலும் "வுடும்மா, அவன் விதி" என்கிறார்கள். விதியாம் விதி!

அண்ணி ஷூ கம்பெனிக்குப் போகிறாள், மேல்தோல் தைக்கிற வேலை. உன் சின்னவள் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால், வேலூருக்குப் போயிருக்கிறார் என்கிறாள். நான் என்ன சொல்ல?

நம் தெருவுக்கு முதல் டி.வி. வந்த வருஷம்தான் உன் இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வேலூரில் அந்தச் சின்ன நர்ஸிங் ஹோமில் உன் வயிற்றில் குழாய் வைத்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை ஆம்பூரிலிருந்து நாம் பஸ்ஸில் போவோம். சர்க்கரை கலந்த மருந்துத் தண்ணீரைச் சூடாக்கி, உன் வயிற்றுக்குள் விட்டு, ஊறவிட்டு, அழுக்கோடு வெளியே எடுப்பார்கள். "அண்டா கழுவுற மாதிரிதான்" என்று நீ சிரிப்பாய். அண்டாவை எத்தனை வருஷம் கழுவினால் என்ன என்றுதான் நானும் இருந்துவிட்டேன்.

சர்க்கரை ஜாஸ்தியான பாட்டில் உடம்பிலிருந்து அதிகத் தண்ணீரை இழுக்கும். மூச்சு வாங்குவது நிற்கும், மறுநாளே தோல்ஷாப்புக்கு ஷிப்டுக்குப் போகலாம். "சிஸ்டர், எனக்கு ஸ்ட்ராங்கே போடுங்க, கம்மியானது வேணாம்" என்று நீயே கேட்டு வாங்குவாய். டாக்டரும் தலையாட்டுவார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவர் சொன்னதில்லை.

அப்போதே என் கிட்னி ஒன்றை எடுத்துக்கொள் என்றேனே. பரிசோதனை பண்ணிப் பொருந்தும் என்றும் சொன்னார்கள். நீ கேட்டாயா? "அடி லூசு, குழாய் நல்லா ஓடுது. உன் கிட்னி எனக்கு இன்னாத்துக்கு? நாளைக்குக் கல்யாணம் பண்ணிக்கினு போறவ நீ." டாக்டரிடம் போனேன். "இது ஓடுதில்ல, இப்ப என்ன அவசரம்?" என்றார்.

மூன்றாவது வருஷம் உள்ளே விட்ட தண்ணீரே முழுசாகத் திரும்பவில்லை. கால் வீங்கியது, சாப்பிட்டதெல்லாம் வாந்தி. இன்னும் ஸ்ட்ராங்காகப் போட்டார்கள். அப்புறம்தான் டாக்டர் வாயைத் திறந்தார்.

"வயித்துக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும்மா. அதுதான் அழுக்கை வடிகட்டுது. வருஷக்கணக்கா சர்க்கரைத் தண்ணி பட்டா தடிச்சுப்போயிடும். நடுவுல ரெண்டு தடவை சீழ் வேற பிடிச்சுது. ரொம்ப நாள் ஓட்டினா இப்படி ஆகறதுதான்."

"ஆகறதுதான்னு தெரிஞ்சே இருந்தீங்களா? ஏன் சார் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா உங்களுக்கெல்லாம் புரியுமா?"

கேட்டாயா அண்ணா! தோல்ஷாப்பில் பதினாறு வருஷம் தோல் பதனிடுகிற பட்டைத் தண்ணீரில் நின்றவனுக்குத் தோல் புரியாதாம்! பச்சைத் தோலை எடுத்த எடுப்பில் கெட்டிப் பட்டைத் தண்ணீரில் போட்ட ஆளை நீ திட்டிய திட்டு எனக்குத் தெரியாதா? "டேய், மொதல்ல லேசா ஆரம்பி. ஸ்ட்ராங்கா வுட்டா மேல இறுகிப் பூடும், அப்பறம் ஒரு சொட்டு உள்ள போவாது." வயிற்றில் இருப்பது அண்டா இல்லை, ஒரு தோல் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்தப் பாட்டிலைக் கேட்டிருப்பாயா? அது ஒருநாள் இறுகிப்போகும் என்று தெரிந்திருந்தால் என் கிட்னியை வேண்டாம் என்றிருப்பாயா?

கடைசியில் நீ சரி என்று தலையாட்டினாய். உன் உடம்பு ஆபரேஷன் தாங்காது என்றுவிட்டார்கள்.

போன வாரம் பஸ்ஸில் கணியம்பாடி ஊர்க்கார அம்மா ஒருத்தியைப் பார்த்தேன். மகனுக்கு அதே நர்ஸிங் ஹோமில் அதே குழாய். "நல்லா ஓடுதும்மா. இவன் அக்கா கிட்னி தரேன்னு நிக்கிறா, இப்ப இன்னா அவசரம்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்றாள். இறங்கும்வரை உன் கதையைச் சொன்னேன். அவள் என் கையை விடவே இல்லை.

திங்கட்கிழமை அவர்களோடு நானும் போகிறேன். அத்தனை பேர் முன்னாலும் டாக்டரைக் கேட்பேன், அந்தத் தோல் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று. புரியுமா என்று இன்னொரு தடவை என்னைக் கேட்கட்டும், பார்க்கிறேன்.

உனக்கென்று வைத்திருந்த கிட்னி இன்னும் என் இடுப்பிலேயே இருக்கிறது, அண்ணா. அந்தப் பையனின் அக்காவுக்கு இப்படி ஆக விடமாட்டேன்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
சரசு