கடத்தூரில் காத்திருப்பவர்

அனுப்புநர்
அ. ஆக்சிலியா,
க/பெ. அமல்தாஸ்,
பட்டுப்புழு வளர்ப்பவர்,
கடத்தூர் அஞ்சல், தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: பட்டுப்புழு வளர்க்கும் பெண்கள் பேசிக்கொள்ளும் இணையதளத்தில் ஆபாச விளம்பரங்கள் குறுக்கிடுவது – அதனால் ஒரு பெண் புகுந்த வீட்டிலிருந்து அனுப்பப்பட்டது – ஊர்க்கூட்டத்துக்கு அதிகாரி ஒருவரை அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. நானும் சுற்று ஊர்ப் பெண்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு கலந்துரையாடல் தளத்தில் குழு வைத்திருக்கிறோம். புழு தீனி எடுக்கும் நாட்களில் வீட்டைப் பூட்டிவிட்டு யாரிடமும் யோசனை கேட்கப் போக முடியாது. ஆகவே சோர்ந்த புழுவைப் படம் எடுத்துப் போடுவோம். தெரிந்தவர்கள் மருந்து சொல்வார்கள். அங்கே நாங்கள் வேறு எதுவும் செய்ததில்லை.

2. இலவசம் என்றால் விளம்பரம் வரும் என்பது தெரிந்ததே. உரமும் புடவையும் வந்தவரை எங்களுக்கு வருத்தமில்லை. சில மாதங்களாக, மனுவில் எழுதக் கூசும் படங்கள் வருகின்றன. அவற்றை மூடுவதற்கான பெருக்கல் குறி கடுகளவுதான். அதைத் தொட்டால் மூடுவதற்குப் பதிலாக இன்னொன்று திறக்கிறது.

3. எங்கள் குழுவில் உள்ள பாஞ்சாலி என்பவரின் கணவர் முனிராஜ் பெங்களூரில் லாரி ஓட்டுகிறார். பழுத்த புழுவைப் பொறுக்கிக் கூடு கட்ட விடும் நாளில், வழக்கம்போல் உறவுக்காரர்கள் அவர் வீட்டில் உதவிக்குக் கூடியிருந்தார்கள். சில புழுக்கள் சுருண்டு கிடந்ததால் பாஞ்சாலி படம் போட்டுக் கேட்டார். பதில் வந்தபோது கை வேலையாக இருந்ததால் மாமனாரைப் படிக்கச் சொன்னார். பதிலை மறைத்துக்கொண்டு அரைகுறை உடையில் ஒரு படமும், அதன் கீழே "கடத்தூரில் ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார், உடனே அழைக்கவும்" என்ற வரியும் வந்தன. பெரியவர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி வாய்விட்டுப் படித்துவிட்டார்.

"யாருடி அந்தக் கடத்தூர்க்காரன்? எம்மவன் அங்க ராப்பகலா வண்டி ஓட்டறான், நீ வூட்ல இதான் பண்றியா?" என்று மாமியார் கேட்டார். அன்று மாலையே பாஞ்சாலியைக் காரிமங்கலத்தில் தாய்வீட்டில் விட்டுவிட்டார்கள். பால்குடி மறக்காத அவருடைய மகளை அனுப்பவில்லை. முனிராஜ் மனைவியின் அழைப்பை எடுப்பதில்லை.

4. கைபேசி எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர்ப் பெயரை விளம்பரம் தானே போட்டுக்கொள்ளும் என்பதை ஐயா அறிவீர்கள். ஊர் அறியாது. ஆகவே மாமியாரையும் ஊர்ப் பெரியவர் ராஜாமணி அவர்களையும் பேருந்தில் காரிமங்கலம் சந்தைக்கு அழைத்துச் சென்றேன். சாட்சி என்று மாமியார் முந்தானையில் முடிந்து வைத்திருந்த பாஞ்சாலியின் கைபேசியிலேயே அதே பக்கத்தைத் திறந்தேன். "காரிமங்கலத்தில் ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார்" என்று வந்தது. உண்மை வெளிச்சத்துக்கு வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். மாமியாரோ, "ஊருக்கு ஒருத்தனா வெச்சிருக்கா?" என்று சந்தை நடுவில் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னும் ஒகேனக்கல்லுக்கும் போய்ப் பாக்கணுமாங்க?" என்று ராஜாமணி அவர்கள் என்னைக் கேட்டார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று. என் கைபேசியிலும் அதே வரி வருவதைக் காட்டினேன். அன்று முதல் என்னையும் ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

5. தளத்தை நடத்துபவர்களுக்கு எழுதினேன். கருத்துக்கு நன்றி என்று ஆங்கிலத்தில் நொடியில் பதில் வந்தது. மனிதர் எவரும் படித்திருக்க மாட்டார்கள். மனு கொடுத்த ஓர் அலுவலகத்தில் அலுவலர் தம் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சிமெண்டு விளம்பரம் வந்தது. புகாரில் முகாந்திரம் இல்லை என்றார். இன்னோர் அலுவலகத்தில், "போனத் தொடாம இருந்துக்கங்கம்மா" என்று அறிவுரை கிடைத்தது. எங்கள் பெண்களில் பெரும்பாலோர் அதன்படியே குழுவை விட்டுப் போய்விட்டார்கள். இப்போது புழு செத்தால் யாரைக் கேட்பது என்று தெரியாமல் அள்ளிக் கொட்டுகிறார்கள்.

6. விளம்பரம் நிற்கும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. அதை இந்த மனுவில் கேட்கவும் இல்லை. ஆடி பிறப்பதற்குள் பாஞ்சாலிக்கும் முனிராஜுக்கும் உறவைத் தீர்த்துவிடுவதென்று வரும் ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் வைத்திருக்கிறார்கள். தங்கள் அலுவலகத்திலிருந்து யாரேனும் ஒருவர் வந்து, அந்த வரியை இயந்திரம் எழுதியது, கடத்தூரில் அப்படி எவரும் இல்லை என்று சொன்னால் போதும். பெண்கள் நாங்கள் சொன்னால் எடுபடாது. ஜீப்பில் வந்து இறங்குபவர் சொன்னால் ஒருவேளை கேட்பார்கள். முந்தைய மனுக்களின் கதியைப் பார்த்தால், இதற்கும் ஆள் வருவார் என்று என்னால் பாஞ்சாலிக்கு உறுதி சொல்ல முடியவில்லை.

7. இம்மனுவில் கையெழுத்து வாங்க நேற்று பாஞ்சாலியிடம் போயிருந்தேன். அவர் போடவில்லை. "நெசமாலும் அவன் யாருக்கா? நான் அவனுக்கு என்ன பண்ணன்?" என்று கேட்டார். அப்படி ஓர் ஆளே இல்லை என்று மறுபடியும் விளக்கினேன். தலையாட்டினார். கடத்தூர்ப் பேருந்து வந்து நிற்கும்போதெல்லாம் வாசலுக்குப் போய், இறங்கும் ஆண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார் என்று அவருடைய தாய் என்னிடம் தனியே சொன்னார்.

ஆகவே ஐயா, ஊர்க்கூட்டத்துக்கு ஆள் அனுப்ப இயலாவிட்டாலும், காரிமங்கலத்துக்காவது ஒருவரை அனுப்பி, அவளுக்கு மட்டுமாவது சொல்லச் செய்யுமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கடத்தூர்
நாள்: 09.07.2025

இப்படிக்கு, மனுதாரர்,
(ஒப்பம்) அ. ஆக்சிலியா