மூன்று தடவை கதவு தட்டியாயிற்று

6-7-98, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஆபீஸ் கூரை அதே இடத்தில் ஒழுகல். வாளி வைத்தாயிற்று.

ஸ்டெல்லா ராஜினாமா கடிதத்தை நீட்டினாள். பெங்களூர் ஆஸ்பத்திரியில் வேலையாம். சனிக்கிழமை கடைசி நாள். ட்ரஸ்டில் இருப்பதே ஐந்து பேர். தங்கச் சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கும் ஸ்கெலட்டன் பக்கம் டி.பி. நோயாளிகளை வீடு தேடிப்போய், ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை விழுங்க வைப்பவள் அவள்தான். இனி ஆபீஸ் வேலை பார்க்கும் ஜெயந்தி போக வேண்டும்.

தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடு என்றேன்.

"எழுதறதுக்கு இன்னாக்கா கீது? ஜெயந்திய ரெண்டு நாள் எங்கூட அனுப்புங்க, வூடு வூடா காட்டிட்றேன்."

சோம்பேறித்தனம். அதற்கெல்லாம் நேரம் ஏது? நான் தயாரித்த ஃபாரத்தைக் கொடுத்தேன். பெயர், லைன், வீட்டு எண், மருந்து ஆரம்பித்த தேதி.

8-7, புதன்

ஊழியர் பயிற்சி, ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹால். நடத்தியவர் பெங்களூர்க்காரர். சார்ட் பேப்பர், கலர் பேனா, பந்து எறிகிற விளையாட்டு. "உங்க தலைக்குள்ள இருக்கறது பேப்பருக்கு வரணும்" என்று நாலு தடவை சொன்னார். நான் தலையாட்டல், ஸ்டெல்லா கொட்டாவி. மத்தியானம் புளிசாதம், உப்பு தூக்கல். எல்லோருக்கும் சர்டிஃபிகேட்.

ஸ்டெல்லா ஃபாரங்களை முடித்துவிட்டாள். கையெழுத்து முத்து முத்தாக. ஒரு கட்டம் காலியில்லை. அப்பாடா!

18-7, சனி

வெயில். டெலிபோன் செத்து மூன்று நாள்.

ஜெயந்திக்கு முதல் வாரம். கெட்டிக்காரி. ஒரே ஒரு சிக்கல்: ராஜரத்தினம், மைன்ஸ் வேலையிலிருந்து நின்றவர், மருந்தில் இரண்டாம் மாதம். செவ்வாய், வியாழன், இன்று, மூன்று நாளும் பத்து மணிக்குப் போய்த் தட்டியிருக்கிறாள். பதிலே இல்லை.

"ஊருக்குப் போய்ட்டாரு போலக்கா."

மூன்று தடவை ஆள் கிடைக்காவிட்டால் பெயரை எடுத்துவிடுவது விதி. நான் போட்டதுதான். ரிஜிஸ்டரில் அவர் பெயர்மேல் சிவப்புக் கோடு. அவருடைய மாத்திரையைக் கோலார் டி.பி. ஆஸ்பத்திரிக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்.

வாங்க வேண்டியது: கார்பன் பேப்பர், அம்மாவுக்குத் தைலம்.

27-7, திங்கள்

கோலார். மாத்திரை திருப்பியாயிற்று. ரிஜிஸ்டர் ரொம்ப நீட்டாக இருக்கிறது என்று அங்கே பாராட்டு. திரும்பும்போது பஸ்ஸில் இடம் இல்லை. முதுகுவலி.

2-8, ஞாயிறு

ஸ்டெல்லா லீவில் வந்திருக்கிறாள். வீட்டுக்கு வந்தாள். வந்ததும் வராததுமாக, "ராஜரத்தினம் அண்ணே எப்டி இருக்காரு?"

ஊருக்குப் போய்விட்டார் என்றேன். மூன்று தடவை தட்டியதையும் சொன்னேன்.

"எத்தினி மணிக்கு?"

"பத்து."

"ஐயோ அக்கா! அவரு நைட் ஷிஃப்ட்காரரு. வேலைய வுட்டு எத்தினி வருசம் ஆச்சு, இன்னும் வெடிஞ்சாதான் படுக்கறாரு. காதுல பஞ்சு. சம்சாரம் காலைல ட்ரெயின்ல வேலைக்குப் போய்டும். கதவ ஒடச்சாலும் கேக்காது. நான் நாலு மணிக்குத்தான் போவேன்."

"ஏண்டி எழுதல?"

"ஃபாரத்துல எங்க எடம் இருந்திச்சு? லைன்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேக்கா."

என் அப்பாவும் நைட் ஷிஃப்ட்தான். பகலெல்லாம் குசுகுசுவென்று பேசி வளர்ந்தவள் நான். எனக்கே தோன்றவில்லை. வெட்கம்.

3-8, திங்கள்

ஜெயந்தியிடம் கேட்டேன்: பக்கத்து வீட்டில் விசாரித்தாயா? "அது ஃபாரத்துல இல்லியேக்கா." அவளை என்ன சொல்வது.

நாலு மணிக்கு நானே போனேன். வாசல் படியில் டீயோடு உட்கார்ந்திருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. பேச்சுக்கு நடுவே இருமல்.

"வாங்கம்மா. மாத்திரை குடுக்கறத நீங்களே நிறுத்தினதும், எனக்கு சரியாப் போச்சுன்னு நெனச்சேன். மறுபடி இருமல் வந்துட்ச்சி."

புதன் கோலாருக்குக் கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பெயரை அடித்தது நான் என்பதைச் சொல்லவில்லை. கோழை.

5-8, புதன்

கோலார், ராஜரத்தினத்தோடு. சளி டெஸ்ட், எக்ஸ்ரே. டாக்டர் என்னைப் பார்த்த பார்வை! முதல் நாளிலிருந்து திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்றார். இதுவரை விழுங்கியதெல்லாம் வீண்.

பஸ்ஸில் அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்குச் சரியாகவில்லை, உங்கள் பெயரை அடித்தது நான், தப்பு என்னுடையது என்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை. ராபர்ட்சன்பேட்டை வரும்போது என் பக்கம் திரும்பினார்.

"ஒடம்பு நல்லாயிட்ச்சின்னு லைன் முழுக்க மிட்டாய் குடுத்துட்டனேம்மா. இப்ப இன்னான்னு சொல்றது?"

நானே வந்து சொல்கிறேன் என்றேன். நாளைக்குப் போக வேண்டும்.