டீ பொத்தானும் ஒரு மணி ஏற்பாடும்

மார்ச் 4, செவ்வாய், மாலை 6.10
அப்பா இன்று 'டீ' பொத்தானை அழுத்தியது நாற்பத்தொரு முறை. குடித்தது மூன்று.

மோட்டார் நியூரான் நோய். பேச்சு போய்விட்டது, வலது ஆள்காட்டி விரல்தான் மிச்சம். அதற்காக டேப்லெட்டில் நான் செய்து கொடுத்த பலகை இது. அறுபது பொத்தான், தொட்டால் செய்தி வாசிப்பவர் குரலில் பேசும். வலி, விசிறி, தலையணை, 'நன்றி' எல்லாம் உண்டு. மனிதர் 'டீ'யை விட்டு நகர மாட்டேன் என்கிறார். நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். எதை அழுத்தினாலும் ஒரே மாடியில் நிற்கிற கேஸ் எனக்குப் புதிதல்ல. சரிசெய்துவிடலாம்.

மார்ச் 7
'டீ'யைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்தேன். உடனே கண்டுபிடித்துவிட்டார். மூளை நன்றாகத்தான் வேலை செய்கிறது. அப்போ பிடிவாதம்!

மார்ச் 9
அம்மா கையில் வெந்நீர் கொட்டிவிட்டது. அலறினாள். அப்பா சிரித்தார். பிறகு 'டீ'.

நான் கத்தினேன் — மனுஷனா நீங்க? அதற்கும் ஒரு 'டீ'.

அம்மா களிம்பு தடவிக்கொண்டே சொன்னது: "முப்பது வருஷம், ஒரு மணி ஆனா ஆபீஸ்லேர்ந்து போன் பண்ணி 'சாப்பிட்டியா'ன்னு கேட்ட மனுஷன்டா. இப்ப எதிர்லயே உட்கார்ந்திருக்கார், நான் ஒருத்தி இருக்கறதே தெரியலை. என்னைப் பிடிக்காமப் போச்சு. நான் அக்கா வீட்டுக்குப் போறேன், நீயே பாத்துக்கோ."

பரணிலிருந்து பெட்டியை இறக்கிவிட்டாள். புரையேறாமல் இருக்க டீயில் கலக்கும் பொடி எவ்வளவு என்றுகூட எனக்குத் தெரியாது.

மார்ச் 10
தீர்வு! தினமும் ஒரு மணிக்குப் பலகை தானாகவே 'நீ சாப்பிட்டியா?' என்று கேட்கும். யாரிடமும் சொல்லவில்லை. நான் மேதை.

மார்ச் 13
பெட்டி மறுபடி பரணில். சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு வந்து பார்த்தேன். அம்மா முகம் கழுவி, தலை வாரி, அப்பா எதிரே உட்கார்ந்திருக்கிறாள். குரல் வந்ததும், "ம், ஆச்சுங்க." வெட்கம் வேறு. எனக்குத்தான் என்னவோ போல இருந்தது.

மார்ச் 15
மாட்டிக்கொண்டேன். குளியலறையில் நானும் அம்மாவும் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தோம். கூடத்தில் சார்ஜில் கிடந்த பலகை காலி நாற்காலியைப் பார்த்து, 'நீ சாப்பிட்டியா?'

மக்கில் இருந்த தண்ணீர் அப்படியே என் முகத்தில்.

"அவர் கேட்கலைங்கறதையாவது தாங்கிப்பேன்டா. பொம்மையை விட்டுக் கேட்க வச்சியே!"

அப்பா சிரித்தார். இந்த முறை நியாயமான சிரிப்பு.

மார்ச் 18
ஆஸ்பத்திரி. 'டீ' விவகாரத்தைச் சொன்னதும் டாக்டர் அனுப்பிவைத்த உளவியல் நிபுணர் ஒரு கதை படித்துவிட்டுக் கேள்வி கேட்டார். ஆமாம், இல்லை — அப்பா அத்தனையும் சரியாகத் தட்டினார். அடுத்து ஒரு படம். நடுவில் ஒரு பெண், மூலைக்கு ஒரு பொருள். அவள் பார்ப்பது பூவை. "இவளுக்கு எது பிடிக்கும்?" அப்பா கேக்கைத் தொட்டார். மறுபடி கேட்டும் கேக்தான்.

"அது இவருக்குப் பிடிச்சது. அவ மனசுல என்ன இருக்கும்னு இவரால இப்ப ஊகிக்க முடியலை," என்றார் நிபுணர். "பிடிவாதம் இல்லைங்க. தசையை முடக்குற இதே நோய் சில பேருக்கு மூளையோட முன்பக்கத்தையும் தொடும். நினைவு நல்லாவே இருக்கலாம். ஆனா தானா ஒண்ணைத் தொடங்குறது, ஒண்ணை விட்டு இன்னொண்ணுக்குப் போறது, அடுத்தவங்க வலி உறைக்கிறது — இதெல்லாம் குறையும்."

அம்மா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப என் மேல வெறுப்பு இல்லையா?"

"இல்லைங்க."

அழுதாள். வெளியே வந்ததும் பசிக்கிறது என்று என்னோடு சண்டை போட்டாள்.

மார்ச் 20
ஒரு மணிக்கு, பலகை கேட்கும் முன்பே, அம்மா தானாகவே போய் அப்பாவிடம் சொன்னாள்: "நான் சாப்பிட்டாச்சுங்க."

'டீ.'

"ஆமா, உங்களுக்கு உங்க கவலை," என்று சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போனாள்.

இனி செய்ய வேண்டியவை:
1. ஒரு மணி ஏற்பாட்டை அழிப்பது.
2. அறுபது பொத்தானை நான்காகக் குறைப்பது. 'டீ'க்கு முதலிடம்.
3. அப்பாவிடம் 'இதுவா, அதுவா' என்று இரண்டில் ஒன்றாகக் கேட்பது. கத்தாமல்.
4. அம்மாவைச் சனிக்கிழமை பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டு, இரண்டு நாள் அப்பாவை நானே பார்த்துக்கொள்வது. அவளுக்குப் போன் பண்ணிச் சந்தேகம் கேட்கக் கூடாது. (கேட்பேன்.)